கொல்லைக் கதவுச் சாவி

மேற்கு மாம்பலம், சென்னை
7.1.1996

அன்புள்ள ஹுமைரா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். படித்துவிட்டு, அம்மா கொடுத்த காபியை வேண்டாம் என்றேன். அவ்வளவு நல்ல கடிதம்!

உனக்கு மட்டும் எப்படியடி எல்லாம் அமைகிறது? மாயவரம் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே பஸ்ஸில் தஞ்சாவூர் போய் ஒரே ஹாலில் நுழைவுத் தேர்வு எழுதினோம். சுற்றுச்சூழல் எம்.எஸ்ஸி.யில் கடைசி இடம் உனக்கு. வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் எனக்கு. சரி, ஒழியட்டும் என்று கம்ப்யூட்டர் படித்து வேலைக்கும் வந்துவிட்டேன். ஏ.சி. அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு அமெரிக்க பேங்க்கின் கணக்கைத் திருத்துகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் அப்பாவிடம் 'உங்க பொண்ணு கொடுத்து வச்சவ' என்கிறார்கள்.

இப்போது ஆய்வுக்கு ஊர் எடுக்கச் சொன்னார்களாம். காவிரி பாயும் ஊர் இத்தனை இருக்க, நீ எடுத்தது தாழமங்கலம். என் ஊர்! நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி நீ எழுதி, நீ பட்டம் வாங்கப்போகிறாய். வயிறு எரிகிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

போய்ப் பார்த்து எழுது. ஒன்று விடாமல் எழுது.

எரிச்சலுடன்,
ஷைலஜா

---

மாணவியர் விடுதி, தஞ்சாவூர்
29.1.1996

பிரியமுள்ள ஷைலுவுக்கு, ஹுமைரா எழுதிக்கொள்வது.

வயிற்றெரிச்சலுக்கு மோர் குடி. உன் ஊர் என்பதால்தான் எடுத்தேன். மூன்று வருஷம் என் காதில் தாழமங்கலம் தாழமங்கலம் என்று ஓதியது யார்?

எங்கள் வகுப்பில் 'சுற்றுச்சூழல் நீதி' என்று ஒரு பாடம். நானும் முதலில் மரம் நடுகிற விஷயம் என்றுதான் நினைத்தேன். எங்கள் சார் வேறு மாதிரி சொன்னார்: "லாபம் யார் வீட்டுக்குப் போகுது, கெட்ட தண்ணி யார் வீட்டுப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. பாடம் அவ்வளவுதான்."

அதைத்தான் உன் ஊரில் பார்க்கிறேன். கடல் பக்கத்து வயல்களெல்லாம் இப்போது இறால் குட்டை. கடல்தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். குட்டைக் கரையை ஒட்டி இருப்பது காலனி. அங்கே எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. சாவித்திரி என்று ஒருத்தி, நம் வயதுதான், டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து ஒரு ருசி. முகம் சுளிக்காமல் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லம்மா, கீழ ஊத்திடுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு உன்னைத் தெரியும். "அய்யர் வீட்டுச் சின்னம்மா. கொல்லைக் கதவுக்கு வெளிய நான் குடத்தை வச்சிட்டு நிப்பேன். அவங்க அம்மா இறைச்சு ஊத்துவாங்க. சின்னம்மா ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே பாப்பாங்க" என்றாள். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. மேலத்தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

அன்புடன்,
ஹுமைரா

---

மாம்பலம்
18.2.1996

அன்புள்ள ஹுமைரா,

சாவித்திரி யார் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஞாபகம் வரவே இல்லை. குடம் ஞாபகம் இருக்கிறது, பித்தளைக் குடம், அடியில் நசுங்கியிருக்கும். முகம் இல்லை. நான் பதினேழு வருஷம் இருந்த ஊரில், நீ ஒரு மாதத்தில் என்னைவிட அதிகம் பேரைத் தெரிந்து வைத்திருக்கிறாய். இதை நான் எப்படித் தாங்கிக்கொள்வது, சொல்.

ஒன்று திருத்திக்கொள். போன கடிதத்துடன் அனுப்பிய வரைபடத்தில் மதகைத் தெற்கே போட்டிருக்கிறாய். மதகு வடக்கே, அரசமரத்துக்குப் பக்கத்தில். உன் சாரிடம் இது ஷைலஜா சொன்னது என்று சொல். அவசியம் சொல்.

சிரிக்காதே, உன் பாடப் புத்தகம் ஒன்றை மவுண்ட் ரோட்டில் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பின்னால் வைத்துப் படிக்கிறேன். பக்கத்து சீட் வெங்கி, அது ஏதோ காதல் நாவல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூனில் என்னை நியூ ஜெர்ஸிக்கு அனுப்பப்போகிறார்கள். இதையும் எழுதாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். அப்பா தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் உற்சாகம் வரவில்லை. நீ அந்த உப்பு டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறாயே என்றுதான் நினைப்பு ஓடுகிறது.

ஷைலஜா

---

தஞ்சாவூர்
14.4.1996

பிரியமுள்ள ஷைலு,

அமெரிக்காவுக்கு வாழ்த்து. மதகைத் திருத்திவிட்டேன். சாரிடமும் சொல்லிவிட்டேன், போதுமா?

இந்தக் கடிதம் ஒரு காரியமாக. வெயில் ஏறியதும் காலனிக் கிணறுகள் வாயில் வைக்க முடியாமல் போய்விட்டன. பஞ்சாயத்து லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பெண்கள் வாய்க்கால் தாண்டி அடுத்த ஊருக்குக் குடம் தூக்கிப் போகிறார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

மேலத்தெரு மேடு. அங்கே உப்பு ஏறவில்லை. ஆனால் மற்ற வீட்டுக்காரர்கள் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள், மிச்சம் உங்கள் கிணறுதான். உங்கள் கொல்லைச் சுவரை நானே ஏறிக் குதித்தேன். சுடிதார் கிழிந்தது, மன்னித்துக்கொள். வாளி விட்டு எடுத்துக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நல்ல தண்ணீர், ஷைலு. அப்படியே குடிக்கலாம்.

உங்கள் அப்பாவிடம் கொல்லைக் கதவுச் சாவியைக் கேட்டு வாங்கித் தருவாயா? வீட்டைத் திறக்க வேண்டாம், கொல்லைக் கதவு மட்டும் போதும். அந்த இறால் குட்டைகளில் பாதி உங்கள் அப்பா குத்தகைக்கு விட்ட நிலம்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. எழுதாமல் விட்டால் உன்னிடம் மறைத்ததாக ஆகும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹுமைரா

---

மாம்பலம்
27.4.1996

ஹுமைரா,

முதலில் என் ஸீட்டை எடுத்துக்கொண்டாய். பிறகு என் ஊர். இப்போது என் கிணறும் வேண்டுமா?

நிலத்தைக் குத்தகைக்கு விட்டது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டுச் சங்கதி எனக்கே உன் கையெழுத்தில் வருகிறது. எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? நீ நீதியின் பக்கம் நிற்பாய். நான் குட்டைக்கு நிலம் விட்டவர் மகள். உன் ஆய்வில் எனக்குக் கொடுத்திருக்கும் வேஷம் இதுதானே?

அப்பாவிடம் கேட்க மாட்டேன். நான் சாவி வாங்கித் தருவேன், நீ போய்த் திறப்பாய், காலத்துக்கும் அது 'ஹுமைரா திறந்த கிணறு' என்று இருக்கும். அந்த அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்லை.

ஷைலஜா

---

தஞ்சாவூர்
12.5.1996

ஷைலஜாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் அப்படியேதான் இருந்தது.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே. உனக்கு விசா வருகிறது. எனக்கு துபாய் மாப்பிள்ளை போட்டோதான் வருகிறது. உன் அப்பா தெருவில் நிறுத்திச் சொல்கிறார். என் அத்தா, மகள் காலனியில் சுற்றுகிறாள் என்று யாராவது கேட்டுவிடப்போகிறார்களே என்று கடையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எம்.எஸ்ஸி. முடிந்ததும் ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருஷம் தாழமங்கலத்திலேயே இருக்கப்போகிறேன் என்று சொன்னேன். அத்தா கடைசியில் தலையாட்டினார். உம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

உன் ஸ்வெட்டரை நினைத்து நானும் இந்த வெயிலில் எரிந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிணற்றைப் பற்றி இனி எழுத மாட்டேன். உன் பயணம் நல்லபடியாக அமையட்டும், இன்ஷா அல்லாஹ்.

ஹுமைரா

---

தாழமங்கலம்
10.6.1996

ஹுமைரா,

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். நேற்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். விமானம் 21-ஆம் தேதி.

அப்பாவிடம் கேட்டேன். "அந்தச் சாவி எதுக்குடி உனக்கு? பெட்டி கட்டற வேலையைப் பாரு" என்றார். குத்தகையைப் பற்றிக் கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார். பீரோவில் இருந்த சாவியை அவர் பார்க்கும்போதே எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை.

நல்ல மனசால் வந்தேன் என்று நினைத்துவிடாதே. நீ திறப்பதற்குள் நான் திறந்துவிட வேண்டும் என்று வந்தேன். பஸ்ஸில் வழி நெடுக அதே நினைப்பு. என் ஊர், என் கிணறு, என் கை.

பூட்டு துரு ஏறிக் கிடந்தது, எண்ணெய் விட்டுத் திறந்தேன். காலனிக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். நிறையப் பேர் குடத்தோடு வந்தார்கள். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, எவ்வளவு வேணுமோ இறைச்சுக்குங்க" என்றேன். யாரும் வரவில்லை. கதவுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

ஒருத்தி முன்னால் வந்தாள். அடியில் நசுங்கிய பித்தளைக் குடம். "சாவித்திரியா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீங்க இன்னைக்குத் தொறப்பீங்க சின்னம்மா, நாளைக்கு அமெரிக்கா போயிடுவீங்க. அப்புறம் உங்க அப்பா வந்து பூட்டிட்டு, கொல்லைல புகுந்தாங்கன்னு கேஸ் குடுத்தா யாரு வந்து பேசுவா? ஹுமைரா பொண்ணு இங்கயே இருக்கப்போவுது. அது வரட்டும். அது மொதல்ல உள்ள போவட்டும், நாங்க பின்னாடி வர்றோம்."

அவள் சொன்னது நியாயம். நான் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவள், நீ இருக்கிறவள். ஸீட் கிடைக்காத அன்றுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

இன்றைக்கு நானே இறைத்து, கதவுக்கு வெளியே எடுத்துப் போய் ஒவ்வொரு குடமாக ஊற்றினேன். அம்மா ஊற்றிய மாதிரியே. கை கொப்பளித்துவிட்டது. நாளையும் ஊற்றுவேன். ஆனால் இப்படி ஊற்றிக்கொண்டே இருப்பது சரியில்லை என்று உன் பாடப் புத்தகத்தைப் புரட்டாமலே தெரிகிறது.

எஸ்.டி.டி. பூத்தில் உன் ஹாஸ்டலுக்குப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. அதனால் ஸ்பீட் போஸ்ட். அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன்: கொல்லைச் சாவி இனி ஹுமைராவிடம் இருக்கும், கேஸ் கொடுப்பதானால் முதல் பெயர் என்னுடையது என்று.

இன்னமும் பொறாமையாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் இருப்பேன். அதற்குள் வா. நீ வந்தால்தான் உள்ளே வருவார்களாம்.

ஷைலு