பொக்லைனை மறித்த உன் அப்பா

விலார்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இலிடியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், லக்சம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் மடலேனாக் குட்டியும் நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு நட்டாயிற்று, முட்டைக்கோஸை நத்தைதான் சாப்பிடுகிறது. இப்போது ஊரே சிரிக்கும் செய்திக்கு வருகிறேன். ஆற்றங்கரையை வெட்டி சிமென்ட் போட்டு நீச்சல் துறை கட்டவேண்டும், ஆகஸ்டில் பேத்தி வந்து நீந்தவேண்டும் என்று உன் அப்பா ஊர்மன்றத் தலைவர் செவெரினோவின் உயிரை எடுத்தாரே, ஒருவழியாக அனுமதி வந்து பொக்லைனுக்கும் சொல்லியாயிற்று. பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் ஆற்றில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கசில்டா ஓடிவந்து, துதிக்கை வச்ச எலி ஒண்ணு என் கம்பளி மேல ஏறி உட்கார்ந்துச்சு என்றாள். காலையிலேயே எத்தனை கிளாஸ் ஊத்திக்கிட்டே என்று இவர் கேட்க, உன் மூக்குக்கு அது மூக்கு எவ்வளவோ தேவலை அடெலினோ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை குச்சி நட்டு அளவு குறிக்க இவர் ஆற்றில் இறங்கினார், நான் காப்பி கொண்டுபோனேன். மரவேர்களுக்கு நடுவிலிருந்து கையளவு ஜீவன் ஒன்று நீந்திவந்து, நீண்ட மூக்கால் இவர் பூட்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேருக்குள்ளேயே போய்விட்டது. தண்ணீர் மூஞ்சூறு! சுத்தமாக ஓடும் சின்ன ஆறும் வேர்ச்சந்தும் இருந்தால்தான் பிழைக்கும், ஒவ்வோர் ஆறாக அழிந்துகொண்டு வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டினார்களே, அன்று கேலி பண்ணியவர் இவர்தான். கசில்டா பேச்சை யாரும் நம்பவில்லை, இப்போது பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான், வாயை மூடிக்கொண்டிருந்தால் துறை வந்துவிடும். கல்மேல் உட்கார்ந்தவர் காப்பி ஆறும்வரை அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொக்லைன் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கையை விரித்து நின்றுவிட்டார். ஓட்டிவந்த ஒர்லாண்டோ, நேத்து நீங்கதானே மாமா போன் மேல போன் போட்டு சீக்கிரம் வாடான்னீங்க என்று விழித்தான். செவெரினோ வந்து, ஒரு எலிக்காக என் மானத்தை வாங்குறியா என்று கத்தினார். எலி இல்லை, மூஞ்சூறு, நாம குளிக்க வேற இடம் இருக்கு, அதுக்கு எங்கே இருக்கு என்றார் உன் அப்பா. கசில்டா நாற்காலி கொண்டுவந்து இவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், அப்புறம் நானும் நின்றேன். தகவல் போய் வனத்துறைப் பிள்ளைகள் வந்து பாறைமேல் கிடந்த புழுக்கையைப் பார்த்து மூஞ்சூறுதான் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள், புழுக்கைக்கு இப்படிக் கட்டிப்பிடித்துக் குதித்தவர்களை நான் பார்த்ததே இல்லை. துறை இப்போது மாவு ஆலைக்குக் கீழே, பழைய தடுப்பணைக் குட்டையில் வரப்போகிறது, படி கட்டினால் போதும், தண்ணீர்தான் ஐஸ் மாதிரி இருக்கும்.

குழந்தைக்கு என்ன பதில் சொல்வேன் என்று இவருக்கு ஒரே கவலை. நேற்று போனில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாராம், அவள், அது வீட்டை இடிக்க மாட்டோம்னு அதுகிட்ட சொல்லிட்டீங்களா தாத்தா என்று கேட்டாளாம். உடனே தொப்பியை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனவர் சூப் ஆறினபிறகுதான் வந்தார்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். வரும்போது தடிமனான துண்டு கொண்டுவா, மாப்பிள்ளையின் ரேடியோ வேண்டாம், ஆற்றோரம் உரக்கப் பேசினாலே உன் அப்பா முறைக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா எர்மெலிண்டா