ஆட்டுக்குட்டியின் கொலுசு

சோமனூர்,
16.6.1994

அன்புள்ள அம்மணி,

சத்தியமங்கலத்தில் உன் தங்கைக்கு உடம்பு தேவலையா? இங்கே தாரணி வேளைக்குச் சாப்பிடுகிறாள்.

நேற்று மின்சாரம் போய் ஊரில் தறிகள் எல்லாம் நின்றிருந்தன. நாங்கள் இருவரும் கண்ணாமூச்சி விளையாடினோம். அவள் கொலுசுச் சத்தத்தை வைத்துத்தான் நான் எப்போதும் கண்டுபிடிப்பேன். நேற்றும் சத்தம் வந்த பக்கமே போனேன். கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, மறுபடியும் கிணற்றடி. கடைசியில் எதிரே வந்து நின்றது பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி! கொலுசு இரண்டையும் ரிப்பனில் கோத்து அதன் கழுத்தில் கட்டியிருந்தாள். நூல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரே சிரிப்பு.

"நீங்க கண்ணுல தேடறதில்லீங்கப்பா, காதுலதான் தேடறீங்க. அதான் ஆட்டுக்குக் கட்டிப்போட்டேன்."

ஐந்து வயதுக் குழந்தை, என் தலைக்குள் நடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பக்கத்து வீட்டு மயிலாத்தாள், "ஏனுங்க, இவளையா மந்தம்னாங்க? உங்களையே ஆட்டுக்குப் பொறவால சுத்த உட்டுப்போட்டாளே!" என்றாள்.

இந்த வயதில் தத்தெடுத்தோமே, சரியாக வளர்க்கிறோமா என்று நான் தினமும் குழம்புவது உனக்குத் தெரியும். பேச்சு குறைவு, பிள்ளை மந்தம், விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று கோவையிலிருந்து உன் அண்ணன் சொன்னபோது, நமக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இன்று காலை அவருக்கு போன் செய்து, குழந்தை எங்கும் போகாது என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியதால் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

முதல் தடவையாக உன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்ட,
உன் வீட்டுக்காரன்