முழங்காலும் கருவடாமும்

1935 மே 18

கோவில் படியைப் பாதி ஏறுவதற்குள் முழங்கால் இரண்டும் சேர்ந்துகொண்டு என்னை உட்கார வைத்துவிட்டன. ஆரியசாலையிலிருந்து பூதலிங்கம் வைத்தியர் வந்து அமுக்கிப் பார்த்தார். ஒரு வாரம் இலைக்கிழி, பிறகு ஒரு வாரம் நல்லிருப்பு என்றார். நல்லிருப்பு என்றால் பத்தியத்தோடு சும்மா இருப்பது. பகல் தூக்கம், பச்சைத்தண்ணீர், மாடிப்படி, ஒன்றும் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடைசியில், "கோவப்படப்பிடாது, கேட்டேளா. கோவப்பட்டா கிழி வச்சதும் வைக்காததும் ஒண்ணுதான்" என்றார்.

சூடாமணி உள்ளே போய்ச் சிரித்தாள். முப்பத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் ஆயிற்றே.

மே 20

ஆமணக்கு, எருக்கு, நொச்சி, முருங்கை எல்லா இலையையும் நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து வதக்கித் துணியில் மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஒன்று என் காலில் இருக்கும்போது இன்னொன்று எண்ணெயில் சூடாகும். அடுப்பு விஜயத்தின் பொறுப்பு. எனக்குக் கடைசிப் பெண்.

முதல் கிழி பட்டதும் கத்திவிட்டேன். வலியில் கத்துவது கோபத்தில் சேராதாம். கேட்டு வைத்துக்கொண்டேன்.

மே 22

வீட்டில் எல்லோருக்கும் குளிர் விட்டுப்போயிற்று. என் வெள்ளிக் கூஜாவைப் போன தீபாவளிக்கே தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சூடாமணி இன்று சாவகாசமாகச் சொல்கிறாள். தாசில் உத்தியோகத்தில் ஒரு தாலுகாவையே நடுங்க வைத்தவன் நான். ராம ராம என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மே 23

இன்று விஜயத்தின் முறை. ஸ்கூல் பைனலோடு நிறுத்த மாட்டாளாம், பெண்கள் காலேஜில் சேர வேண்டுமாம். அதுவும் கேட்ட நேரத்தைப் பார் — கிழி முட்டியின் மேல் இருக்கும்போது. எழுந்து போக முடியாது, கத்தவும் கூடாது. என் பெண் அல்லவா, வேறு எப்படி இருப்பாள்?

நம் கோட்டைத் தெருவிலிருந்து வழுதக்காட்டுக் காலேஜ் வரைக்கும் தனியாகவா போவாய், இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் துணைக்கு வர முடியுமா என்று முனகினேன்.

"சொஸ்தமானா கொண்டு விடுவேளா?"

"ஆனா பார்க்கலாம்."

நல்ல பதில். பத்து வருஷத்து வலி இது. எங்கே ஆகப் போகிறது?

மே 24

பாவி, கிழியை ஆறவே விடமாட்டேன் என்கிறாள்.

மே 28

நல்லிருப்பு. விடியற்காலையில் காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. நீட்டினேன். நீண்டது. வலி எங்கே போயிற்று?

வைத்தியர் கேட்டதற்கு, இன்னும் இருக்கிறது என்றேன். விஜயத்தின் முகம் வாடிப்போயிற்று. நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

மே 30

நொண்டுவதும் ஒரு வேலைதான். ஞாபகமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

எதற்கு இந்தக் கூத்து? ஊர் வாய், துணை என்பதெல்லாம் சும்மா. மூத்தவர்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இந்த வீட்டில் என்னோடு சரிக்குச் சரி வாதாடுகிறவள் இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் பென்ஷன்காரன் பகலெல்லாம் யாரோடு சண்டை போடுவது? எனக்குப் பயமாயிருக்கிறது. அதுதான் நிஜம்.

ஜூன் 1

சூடாமணியும் விஜயமும் அடுத்த தெருவுக்கு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். மாடியில் கருவடாம் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று வானம் இருண்டு, பெரிய பெரிய தூறல். சூடாமணி இருட்டோடு எழுந்து கிளறிப் பிழிந்தது — போச்சே என்று ஓடினேன். இரண்டிரண்டு படியாக ஏறினேன். துணியோடு சுருட்டிக் கீழே கொண்டுவந்து போட்டேன். மறுபடி ஓடினேன். மூன்றாம் நடை இறங்கும்போது கீழே விஜயம், கையில் சொட்டும் குடை. எப்போது வந்தாளோ.

கருவடாமைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நொண்டுங்கோப்பா. அம்மா பின்னாலே வரா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சூடாமணி வந்தாள். நான் நொண்டவில்லை.

ஜூன் 3

காலேஜில் விஜயத்தைச் சேர்த்துவிட்டு வந்தேன். பத்தியமும் முடிந்தது. இனிக் கோபப்படலாம். காரணம்தான் அகப்படவில்லை.

ஜூன் 6

காரணம் அகப்பட்டது. காலேஜுக்கு முதல் நாள், மணி ஒன்பதாகப் போகிறது, இன்னும் பின்னல் முடியவில்லை என்றால்? தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினேன். சொஸ்தமாயிடுத்து என்று சூடாமணி சமையல் உள்ளிலிருந்து சொன்னாள்.

மழையில் ஒரே குடையில் நடந்தோம். வழி நெடுக எதற்கோ வாதாடினோம், ஜெயித்தது அவள்தான். காலேஜ் வாசலில், நம் தெருப் பெண்கள் சேர்ந்து வருகிறார்கள், நாளையிலிருந்து நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றாள்.

"வைத்தியர் தினம் இவ்வளவு தூரம் நடக்கணும்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஆரியசாலைக்குப் போய், யாராவது கேட்டால் அப்படிச் சொல்லும்படி அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.