அம்மா பறித்துப் போட்ட பிஞ்சுகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. உன் அம்மா போனில் எதையும் சொல்ல மாட்டாள், அதனால் அவள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

ஐந்து மாதம் முன்னால் அவளுக்கு மணிக்கட்டு வலி வந்ததே, அப்போது பத்து நாள் விதைப் பண்ணைக்கு அவளுக்குப் பதிலாக நான் போனேன். முப்பது வருஷம் லேத்தில் நின்றவனுக்குத் தக்காளிப் பூ ஒரு பெரிய விஷயமா என்று மிதப்பு. தக்காளியில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் குடியிருக்கிறது, விட்டால் தனக்குத்தானே காய்த்துவிடும், அவர்களுக்கு வேண்டியதோ கலப்பு விதை. அதனால் பூ விரிவதற்கு முந்தின நாளே மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை உருவிவிட்டு, நடுவில் நிற்கும் சூலகம் நோகாமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் வேறு ரகத்தின் மகரந்தத்தை அதன் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். வைத்ததற்கு அடையாளமாகப் பூவடியில் இருக்கும் பச்சை இதழில் இரண்டை நறுக்கிவிடுவார்கள். எல்லாம் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். நான் தலையை ஆட்டிவிட்டு, இறுகின மொட்டு கண்ணுக்குப் பிடிபடாமல், விரிந்த பூவாகப் பார்த்து உருவித் தள்ளினேன். உன்னைவிட அதிகம் முடித்தேன் என்று வீட்டில் வந்து அம்மாவிடம் ஜம்பம் வேறு.

பதினோராம் நாள் அவள் வந்து நான் உருவிப் போட்ட கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் மஞ்சள் தூள். மகரந்தம் உதிர்ந்த பிறகு உருவி என்ன பயன், அந்தப் பூ எப்போதோ தன் மகரந்தத்திலேயே கருப்பிடித்திருக்கும். வெளியே இதழ் நறுக்கின நல்ல காய், உள்ளே தப்பு விதை. அந்த வாரம்தான் செடிகள் வளரும் பசுமைக்குடிலுக்குத் தலைமைப் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்ய இருந்தார்கள், பதினோரு வருஷம் குறையே வராத அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாது, விட்டுவிடேன் என்று சொன்னவன் நான்தான், எழுதவே வெட்கமாக இருக்கிறது. விதைக்கிறவனுக்குக் காய்ச்ச பிறகுதாங்க தெரியும், அப்போ அவன் யார்கிட்ட போய் அழுவான் என்று கேட்டாள். நேரே மேலாளரிடம் போய், என் வரிசையில் தப்பு நடந்துவிட்டது என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நாள் பிடித்த பிஞ்சு அத்தனையும், வலி முழுசாகத் தீராத கையாலேயே பறித்துப் போட்டாள், நான் கூடை சுமந்தேன்.

பொறுப்பு பக்கத்து வரிசைப் பெண்ணுக்குப் போயிற்று. அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மிச்சம் விட்ட காய்களின் விதையைச் சோதனைக்கு விதைத்திருந்தார்கள். நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வரிசை விதையில் ஒரு நாற்றுகூட ரகம் மாறவில்லையாம், மேலாளரே சொன்னார். அவர் சொன்னதை நம்பாமல் இவள் குனிந்து ஒவ்வொரு நாற்றாகப் பார்த்தாள், என்னையும் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை குட்டிம்மா, இவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் கழித்துத்தான் இவளை முழுசாகப் பார்த்தேன்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். பொறுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடாதே, நாற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அதற்குமேல் நீ பேச வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
இனி பூப்பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாகியிருக்கும்
உன் அப்பா