லேபை விலைக்குக் கேட்டவர்களும் வாய் திறக்காத மகளும்

என் அருமைப் பாப்புவுக்கு,

நானும் அப்பாவும் நலம். சும்மா வாய்வார்த்தைக்கு எழுதவில்லை, போன வாரம் இரண்டு பேர் ரத்தத்தையும் நம் லேபிலேயே பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதைச் சொன்னால் மெஷின் சரியில்லை என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்பதை மட்டும் நீங்கள் சொல்லித்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ "சரி விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், நான் அழுதுவிடுவேன். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று லேபின் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுக்கிறாள் என்று நீ பேர் வைத்தாயே, அந்தப் பஞ்சுதான் வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

லேபை விலைக்குக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள் இல்லையா, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பளபளவென்று ஒரு படப்புத்தகமுமாக. ஊர் ஊராகச் சின்ன லேபுகளை வாங்கிச் சேர்ப்பதுதான் அவர்கள் தொழில். பாதி விலை பணமாக, பாதி விலை கம்பெனி ஷேராகத் தருகிறோம் என்றார்கள். "பணமா வாங்கினா செலவாயிடும் மேடம், ஷேரா வாங்குங்க, பேரப்பிள்ளை காலத்துக்கும் வளரும்" என்று சொல்லிப் படத்தைக் காட்டினார்கள். கோடு மாடிப்படி மாதிரி மேலே மேலே போனது. எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, மனசு ஆடித்தான் போனது. எதில் பணம் போடலாம் என்று நம் பெண் இந்த மாதிரிக் கம்பெனிகளைத்தானே அங்கே உட்கார்ந்து அலசுகிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். அப்புறம்தான் சொன்னாய், "அம்மா, அந்தக் கம்பெனியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். ஏன்னும் கேக்காதே. ஒரு நல்ல ஆடிட்டரைப் பாரு" என்று. நான் கெஞ்சினேன், எனக்கு நினைவிருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா, ஆமாம் என்றால் ஒரு தடவை இருமு என்றுகூடச் சொன்னேன். நீ இருமவில்லை, என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேனா என்று கேட்டாய்.

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. ஊருக்கெல்லாம் யோசனை சொல்றா, நமக்குன்னா ஊமையாயிட்டா" என்று கத்திவிட்டு வெளியே போனவர்தான், அதற்கப்புறம் உன் போன் வந்தால் குளியலறைக்குள் போய்விடுவார். குளித்துக்கொண்டிருக்கிறார் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன், நீயும் நம்புகிற மாதிரியே கேட்டுக்கொண்டாய். எனக்கும் வலிக்காமல் இல்லை பாப்பு. மகள் வளர்ந்து நமக்கு அந்நியமாகிவிட்டாளோ என்று ஒரு எண்ணம் வந்து போனது, மறைக்கவில்லை.

ஆனாலும் நீ சொன்ன ஒரே யோசனையை விடுவானேன் என்று ஆடிட்டரிடம் போனேன். கடைத்தெருவில் மாடியில் இருக்கிற அம்மாள், வருஷம் முழுக்க ஜலதோஷம், தும்மல் ஆடிட்டர் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வரிசையாக விரித்து, தும்மலுக்கு நடுவே பொறுமையாகச் சொன்னார். "வருஷா வருஷம் விற்பனை ஏறுது, சரிதான். ஆனா புதுசா வாங்கின லேபை எல்லாம் கழிச்சிட்டு, ஏற்கெனவே கையில இருந்தது தானா எவ்வளவு வளர்ந்துதுன்னு பாருங்க. அதை எங்கேயும் பிரிச்சே சொல்லல" என்றார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ரத்தம் ஏற்றிய மறுநாள் ஹீமோகுளோபின் பார்த்தால் யாருக்குத்தான் ஏறியிருக்காது, ஏற்றாமல் விட்டுவிட்டு, உடம்பு தானாக ரத்தம் ஊறவைக்கிறதா என்று அல்லவா பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு லேபை வாங்கவும் அவர்கள் புது ஷேர் போடுகிறார்களாம். "லாபம் பெருகுதுன்னு காட்டுவாங்க, பங்கு போட்டுக்கற ஆளும் பெருகிட்டே போறாங்களே. மொத்த லாபத்தைப் பாக்காதீங்க, ஒரு ஷேருக்கு எவ்வளவுன்னு பாருங்க" என்றார். அப்படிப் பார்த்தால் மாடிப்படி தரையாகிவிட்டது. அதற்காக வாங்கிச் சேர்க்கிற கம்பெனி எல்லாமே மோசம் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். தன் சொந்த லாபத்திலிருந்து, விலை படிந்தால் மட்டும், நிதானமாக வாங்கி, நடத்தியவரையே நடத்தவிட்டு, தலைமுறைக்கும் நன்றாக வளர்ந்த கம்பெனிகளும் இருக்கின்றனவாம். "வாங்கறது பெரிசில்ல. வாங்கி மூணு வருஷம் கழிச்சு அது என்ன ஆச்சுங்கறதுதான் விஷயம். அது இந்தப் பேப்பர்ல இருக்காது, நேர்ல போய்ப் பாருங்க" என்றார்.

அவர்கள் வாங்கிய லேபுகளைப் போய்ப் பார்த்தோம். அப்பாதான் காரை ஓட்டினார். உன் மேல் கோபம் இருந்தாலும் ஸ்டியரிங் என்றால் அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை. முதலில் போன லேபில் கண்ணாடிக் கதவு, ஏசி, புது போர்டு, எல்லாம் ஜோர். ஆனால் மெஷின் இருந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ரத்தத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துத் தலைமை லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள், முடிவு மறுநாள்தான். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி, மறுநாள் என்றதும் அப்படியே திரும்பிப் போனாள். அடுத்த லேபில், விற்ற டாக்டர் அம்மாளே இன்னும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று மறைக்காமல் சொன்னேன், அவரும் மறைக்காமல் பேசினார். "ஆரம்பத்துல ரொம்ப நல்லாத்தான் இருந்தாங்க. கம்பெனியை ஆரம்பிச்சவரே நேர்ல வந்து, என்ன மெஷின் வேணும்னு கேட்டு வாங்கிக் கொடுத்தாரு. அப்போ வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வாங்குவாங்க. இப்போ மாசத்துக்கு ரெண்டு மூணு. மெஷின் ரிப்பேர்னு எழுதிப் போட்டா பதிலே வராது. வாங்கறதுக்கு ஆள் இருக்கு, வாங்கினதைப் பாத்துக்கத்தான் ஆள் இல்ல" என்றார். உங்களுக்கும் ஷேர் கொடுத்தார்களா என்று கேட்டேன். "கொடுத்தாங்க, விலையும் ஏறியிருக்கு. நான் சந்தோஷமா இருக்கணும், இல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியாகப் போன லேபில் ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர், அது மூடி ரொம்ப நாளாச்சே என்றார். கம்பெனியின் படப்புத்தகத்தில் அந்த லேபின் படம் பெரிதாக இருந்தது பாப்பு.

திரும்பி வரும்போதுதான் அப்பா வாய் திறந்தார். "எங்க முதலாளியும் ரெண்டு சின்ன பஸ் கம்பெனியை வாங்கினாரு. பஸ் கூடிச்சு, மெக்கானிக் கூடல. அப்புறம் நடுரோட்டுல நின்னது நாங்கதான்" என்றார். அவ்வளவுதான், நான் முடிவெடுத்துவிட்டேன். இஸ்திரிச் சட்டைகள் மறுபடி வந்தபோது, ஷேர் வேண்டாம், முழுக்கப் பணமாகக் கொடுங்கள், இங்கே வேலை செய்கிற யாரையும் நிறுத்த மாட்டோம், மெஷினையும் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "எல்லாரும் ஷேர்தான் வேணும்னு கேக்கறாங்க மேடம், நீங்க ஒருத்தர்தான்..." என்று இழுத்தார்கள். டீ ஆறிப்போனது, எழுந்து போனவர்கள் அப்புறம் வரவில்லை. பஞ்சுவையும் டெக்னீசியனையும் கூப்பிட்டு, லேபில் உங்களுக்கும் பங்கு உண்டு, என்னால் முடியாதபோது நீங்கள் நடத்துங்கள் என்று சொல்லிப் பத்திரமும் எழுதியாயிற்று. பஞ்சு அன்று முழுக்க யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை, பங்குதாரர் ஆனால் சிரிக்கக்கூடாது என்று நினைத்துவிட்டாளாம்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார். மாமா ஏன் போனுக்கே வருவதில்லை என்று கேட்டார், நானும் மனசு விட்டுச் சொல்லிவிட்டேன். "அத்தை, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தார். நான் அதை இப்போது எழுதியே விட்டேன், அவரைத் திட்டாதே. அந்தக் கம்பெனியை நீ ஒரு வருஷத்துக்கு மேலாக அலசிக்கொண்டிருந்தாயாமே. ஊரில் உள்ளவர்களின் ஓய்வுகாலப் பணத்தை அதில் போடலாமா என்று உங்கள் ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் நீதான் எழுந்து பேசுவதாக இருந்ததாமே, அதோடு பதவி உயர்வும் வருவதாக இருந்ததாமே. நான் போன் செய்த மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலதிகாரியிடம் போய், என் அம்மாவின் லேபை இவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள், இனி இதை நான் பார்ப்பது முறையில்லை என்று சொல்லி, அத்தனை உழைப்பையும் பக்கத்து மேஜைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நீ வெளியே வந்தாயாம். கூட்டத்தில் பேசியது அவர், பதவியும் அவருக்கே போனதாம். நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன், போகட்டும், அவள் என்னதான் முடிவு எழுதியிருந்தாள், நல்ல கம்பெனி என்றா கெட்டது என்றா. "எனக்கும் தெரியாது அத்தை. என்கிட்டகூட இன்னிவரைக்கும் சொல்லல" என்றார். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு வாரமும் என் முழங்காலையும் தைலத்தையும் விசாரித்தாயே, அப்போதெல்லாம் அத்தனையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா விசாரித்தாய்? நான் ஷேருக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டு எல்லாம் போயிருந்தால் இப்படிப் பெருமைப்பட்டு எழுதுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நிஜத்தைச் சொன்னால், ஒரு மாதம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். அப்புறம் பெருமைப்பட்டிருப்பேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் தங்கள் பணத்தை உன்னை நம்பி விட்டிருக்கிறார்கள், அதில் அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு கதவு திறக்காத பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்.

அப்பாவிடம் சொன்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வை என்றார், மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பூங்காவில் நடக்கப் போனவர் வீடு திரும்ப வெகு நேரம் ஆனது. அங்கே ஒரு பெஞ்சு விடாமல் உட்கார்ந்து, "என் பொண்ணு வாயைத் திறக்க வெக்க இந்த உலகத்துல ஆள் கிடையாது சார்" என்று சொல்லியிருக்கிறார், உடன் நடக்கிறவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். உன் சித்தப்பா மட்டும், அந்த ஷேர் இன்னும் ஏறுகிறதே அண்ணி, விட்டுவிட்டீர்களே என்று போனில் சிரிக்கிறார். ஏறட்டும், நன்றாக ஏறட்டும், அந்த டாக்டர் அம்மாளுக்காவது ஆகும். எனக்கு வேண்டியதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பதவி போனதற்கு மனசை விடாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ராத்திரி கண்ணாடி போடாமல் கம்ப்யூட்டர் பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை அதையும் போட்டுக் கொடுத்துவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்து எனக்கு அனுப்பு, அது ரகசியம் இல்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், எந்த வாசலில் நின்றாலும் நிமிர்ந்து நிற்கிற மாதிரி நீடூழி வாழ வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அப்பாதான் எடுப்பார், இரண்டு நாளாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். மன்னிப்பு எல்லாம் அவருக்குக் கேட்க வராது, பஸ் பாஸ் பற்றியோ மழை பற்றியோ பேசுவார், நீ பேசவிடு. நீ லீவில் வரும்போது நான் பாட்டுக்கு வாய் தவறி, அன்றைக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி என்னதான் எழுதியிருந்தாய் என்று கேட்டுவிடுவேன், என் வாய் எனக்குத் தெரியும். கேட்டாலும் சொல்லாதே.

உன்னை நினைத்தாலே தலை நிமிர்கிற,
உன் அம்மா