அவங்களும் வரட்டும் சார்

அக்கா,

இன்று காலை ஜன்னல் கட்டையைத் துடைத்தபோது துணியில் அந்தக் கரி மறுபடி ஒட்டியது. நடுவில் மழை பெய்ததில் கொஞ்சம் குறைந்திருந்தது. துணியை அலசிக்கொண்டே உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், நம் தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனிக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனு போட்டவள் நீ. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் தைத்துவிட்டு, மூச்சு இழுப்போடு வந்து வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாய். விசாரணை நீண்டது. கடைசியில் விசாரித்த அதிகாரி, இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு எடுப்பதாகச் சொன்னார்.

அன்று நீ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாய். சொன்ன நேரத்துக்கு முன்பே நாம் கேட்டில் நின்றோம். அதற்குள் அவர் கம்பெனி முதலாளியின் காரில் உள்ளே போயிருந்தார். "உங்கள உள்ள உட சொல்லலம்மா" என்றார் வாட்ச்மேன். புகைபோக்கியில் புகை இல்லை; அன்றைக்கென்று உலையை அணைத்திருந்தார்கள். தரை கழுவிய தண்ணீர் கேட்டுக்கு வெளியே ஓடி வந்தது.

அதிகாரி வெளியே வந்ததும் நீ கோபப்படாமல்தான் கேட்டாய்.

"உள்ள அவங்க இன்னா சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியாதே சார். தெரிஞ்சாதானே பதில் சொல்ல முடியும்?"

அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். "நான் கண்ணால பாக்கத்தாம்மா வந்தேன். சரி, வாங்க, உங்க வீட்டையும் பாத்துடறேன்" என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. உன் வீட்டுச் சுவரை அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும், கரி கையில் ஒட்டும்.

நீ நகரவில்லை. "அவங்களும் வரட்டும் சார்" என்றாய்.

வேலை இருக்கிறது என்றார் அவருக்குப் பின்னால் நின்ற முதலாளி.

"அப்போ வேணாம் சார். அவங்க இல்லாம நான் தனியா காட்டுனா அதுவும் தப்புதானே. எல்லாரும் சேந்து இன்னொரு நாள் வாங்க."

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

திரும்பும் வழியில் நான் கத்தினேன். "இன்னாக்கா நீ, ஊட்டுக்கு வரேன்ன ஆள திருப்பி அனுப்பிட்ட?"

"அவன் பண்ணதயே நானும் பண்ணிட்டு, அப்பறம் எந்த வாயால அவன கேக்கறது?"

நேரில் பார்த்ததில் புகையோ கழிவோ தென்படவில்லை என்று ஆணை வந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. நீ மேல்முறையீடு செய்தாய். கடைசி நாட்களில் உன்னால் படுக்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாய். தீர்ப்பு வந்தபோது நீ இல்லை.

ஒரு தரப்பை மட்டும் வைத்துக்கொண்டு பார்வையிட்டது தவறு, இருவரையும் வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. நீ அன்று வாய்விட்டுக் கேட்டதும் அதைத்தான். அதுவரை கம்பெனி நடக்கலாம் என்றும் சொன்னது. இன்னும் யாரும் பார்க்க வரவில்லை. கம்பெனி நடக்கிறது.

நீ கேட்டது நியாயம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவரை அன்று உள்ளே அழைத்திருந்தால் நீ இன்று இருந்திருப்பாயோ என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை. அந்தச் சண்டையை நான் இன்னும் முடிக்கவில்லை, அக்கா. வீட்டு வேலை செய்யும்போது இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன். உன் பக்கம் பேசும்போது குரல் திடமாக வருகிறது. என் முறை வரும்போது கையிலிருக்கும் துணியை மறுபடி அலசப் போய்விடுகிறேன்.