வயலில் இறங்கிய உங்கள் புறாக்கள்

இஞ்சேருங்கோ,

உங்கள் புறாக்களின் கால் வளையங்கள் நாலு என் முன்னால் கிடக்கின்றன. லின்ஃபீல்டில் மகள் வதனி வீட்டுக் குசினி மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கொண்டுவந்து தந்த மனிசன் கழுவித்தான் தந்தான். கழுவியும் உட்பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் கிண்டிப் பார்த்தேன். காய்ந்த இரத்தம்.

அந்த மனிசன் ஒரு வெள்ளைக்காரன், உங்கள் வயசிருக்கும். வாசலில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். குமியூவுக்கு அங்கால் சோளம் வெட்டின வயலில் காட்டுப்புறா சுடுகிறவனாம். சுட்டதைப் பொறுக்கும்போது சிலதின் காலில் வளையம் கண்டானாம். வளையத்தில் இருந்த எழுத்தைப் பார்த்துப் புறாப் பந்தயக் கிளப்புக்குப் போன் அடித்திருக்கிறான். அவர்கள் உங்கள் பேரைச் சொல்லி, ஆள் இப்போது உயிரோடு இல்லை என்றும் சொல்லி, வதனியின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"வளையத்தை எப்பிடிக் கழட்டினவர் எண்டு கேள்" என்றேன் வதனியிடம்.

"அதெல்லாம் ஏனம்மா இப்ப?"

"கேள் எண்டால் கேள்."

கேட்டாள். அவன் வாயால் சொல்லவில்லை. இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரிக் காட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியும், சும்மா கேட்டுப் பார்த்தேன். வளர்ந்த புறாவின் காலிலிருந்து அந்த வளையம் கழலாது. குஞ்சு பொரித்து ஒரு கிழமைக்குள், கண் திறந்தும் திறவாமலும் இருக்கிற நேரத்தில், நான் அதை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடிக்க, நீங்கள் முன் விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை ஏற்றுவீர்கள். "முந்தினால் விழுந்திடும், பிந்தினால் ஏறாது" என்று ஒவ்வொரு குஞ்சுக்கும் சொல்லுவீர்கள், ஏதோ எனக்குப் புதிதாகச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு கால் பருத்துவிடும். வளையம் அதோடுதான் இருக்கும், சாகும்வரைக்கும். இவன் காலை வெட்டித்தான் எடுத்திருக்கிறான்.

இந்த மனிசனில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. கனபேர் வளையத்தைக் கண்டால் புல்லுக்குள் எறிந்துவிட்டுப் போய்விடுவார்களாம், அவனே சொன்னான். இவன் தேடிப்பிடித்து, இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொரி என்று மன்னிப்புக் கேட்டான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கொண்டுபோய்ச் சிங்குக்குள் வைத்தான். என் மகன் ஒருநாளும் வைத்ததில்லை.

போகும்போது அவனிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொன்னேன். பறக்கும்போது சுட்டவனோ, இறங்கி நிற்கும்போதோ?

காட்டுப்புறாக் கூட்டத்தோடு வயலில் இறங்கி, கொட்டிக்கிடந்த சோளத்தைப் பொறுக்கிக்கொண்டு நின்றவையாம். வெடி கேட்டு எல்லாம் ஒன்றாகத்தான் எழும்பினவையாம். கீழே இருந்து பார்க்க வளையம் தெரியாதாம்.

நீங்கள் சொல்லுவீர்களே, "வீடு இருக்கிற புறா வயலிலை இறங்காது. பட்டினி எண்டாலும் கூட்டுக்கு வந்துதான் தின்னும்" என்று. பந்தயத்துக்குத் தூரத்து டௌப்போவுக்கு லொறியில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால், வழியில் எத்தனை வயல், எத்தனை ஆறு. ஒன்றிலும் இறங்காமல் எங்கள் ரானுயி வீட்டுக்கு வந்து சேருமே உங்கள் புறாக்கள். வயலில் இறங்கினது என்றால் அதுக்கு வீடு இல்லை என்றுதானே அர்த்தம்.

வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராவிட்டாலும் வருசம் வாசிக்க வரும். நாலும் நீங்கள் இருக்கும்போது பொரித்த வருசம். உங்கள் கையால் போட்ட வளையம்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மங்கரேயில் இருக்கிற பாஸ்கரனைக் கூப்பிட்டு, புறாக்களை அவனிடம் ஒப்படைத்தீர்கள். எயார்போட்டில் சாமான் ஏற்றுகிற வேலை, உங்களோடு கிளப்பில் இருந்தவன், நல்ல பெடியன் என்றீர்கள். "பழசுகளை மட்டும் ஒருநாளும் திறக்காதை. அடைச்சு வைச்சுக் குஞ்சு எடு. திறந்தால் ரானுயிக்குத்தான் போகும்" என்றீர்கள். அவன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றான். அவன் போனபிறகு நான் சொன்னேன், முகத்தைப் பார்த்துக் கதைக்கிறான் இல்லை என்று. நீங்கள் சிரித்தீர்கள். "உமக்கு ஆரைத்தான் பிடிச்சிருக்கு" என்றீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு நான் இங்கே வதனியிடம் வந்துவிட்டேன். ரானுயி வீட்டை மகன் சுதன் வாடகைக்குக் கொடுத்தான். கொடுக்கும்போதே பின்வளவில் இருந்த கூட்டை உடைத்துவிட்டான். அந்த இடத்தில் தனி அறை ஒன்று கட்டி அதையும் வாடகைக்கு விடப்போகிறானாம். சீமெந்துத் தளம் மட்டும் மிச்சம். நான் அழுதேன். புறா இல்லாத கூடு ஏனம்மா என்று கேட்டான்.

பிறகு உங்கள் ஆண்டுத் திவசம். ஐயர் கிரியை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் மண்டபத்துக்கு வெளியே வரச் சொன்னார்கள். பார்த்தால் பாஸ்கரன் கூடையோடு நிற்கிறான். வெள்ளைக்காரர் செத்தவீட்டில் புறா பறக்கவிடுகிறார்களாம். சுதன் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, அப்பாவுக்கும் அப்படிச் செய்யவேண்டும் என்று ஏற்பாடு பண்ணியிருக்கிறான். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சர்ப்பிறைசாம்.

நான் கூடைக்குக் கிட்டப் போனேன்.

"பாஸ்கரன், இது ஆரின்ரை புறா?"

"அண்ணையின்ரை பேரப்பிள்ளையள் அக்கா. என்ரை வீட்டிலை பொரிச்சதுகள். நாங்கள் போறதுக்கு முதல் மங்கரேக்குப் போயிடும்."

சுதன் கூடையைத் திறந்தான். எல்லாம் ஒன்றாக எழும்பி ஒரு வட்டம் அடித்தன. சனம் கைதட்டியது. எல்லோர் கையிலும் போன். உங்கள் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணையே மேலை போறமாதிரிக் கிடக்கு" என்றாள். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வட்டம் முடிந்து அவை மேற்கே திரும்பின. மங்கரே தெற்கே அல்லவோ.

"அது மங்கரேப் பக்கம் இல்லை" என்று பலத்துத்தான் சொன்னேன்.

"மச்சாள், இந்த நேரத்திலும் உங்களுக்கு ஒரு குறை வேணும்" என்றாள் உங்கள் தங்கச்சி. அதை நான் மறக்கமாட்டேன்.

அன்று பின்னேரம் பாஸ்கரனுக்குப் போன் அடித்துக் கேட்டேன். எல்லாம் வந்திட்டுது அக்கா என்றான். அந்த வெள்ளைக்காரன் வந்துபோன அன்றைக்கு, வளையங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தேன். முதலில் இல்லை என்றான். நான் ஒவ்வொன்றாக வருசத்தை வாசித்தேன்.

"சுதன்தான் அக்கா கேட்டவன். அப்பான்ரை புறாவே வேணும் எண்டு. ஒரு வருசம் என்ரை வீட்டிலை திண்டதுகள், பழைய இடத்தை மறந்திருக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"உனக்கு எத்தினை வருசமாப் புறா வளக்கத் தெரியும்?"

"அக்கா..."

"அவர் உன்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவர். புறா மறக்காது எண்டு உனக்குத் தெரியும். நீதான் மறந்தனீ."

போனை வைத்துவிட்டேன். வதனியிடம் காரை எடு என்றேன்.

ரானுயி வீட்டில் இப்போது இருப்பது மெலே என்று ஒரு தொங்காத் தீவுப் பெண். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. நான் வாசலில் நின்று "பிஜன், பிஜன்" என்று கையை அடித்துக் காட்டினேன். அவளுக்கு உடனே விளங்கியது. எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் பின்னேரம் ஒரு கூட்டம் புறா வந்து கராஜ் கூரையில் இருந்ததாம். விரட்டினால் போகாதாம். இறங்கி வந்து அந்தச் சீமெந்துத் தளத்தில் நடக்குமாம். ஓரத்தில் அப்படியே சுற்றிச் சுற்றி நடக்குமாம், பிறகு கூரைக்கு ஏறுமாம், பிறகு இறங்குமாம். நாள்கணக்காக. உடுப்புக் கொடியெல்லாம் எச்சம். அவள் படம் எடுத்து வீட்டுக்காரனுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் படத்தை வதனிக்குக் காட்டினாள். வதனி எனக்குக் காட்டவில்லை. நான் பறித்துப் பார்த்தேன். காலில் வளையம் எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது. கீழே உங்கள் மகன் எழுதியிருக்கிறான், வதனிதான் வாசித்துச் சொன்னாள். காட்டுப்புறாக்கள், தண்ணிக் குழாயால் அடித்துக் கலையுங்கள் என்று.

அதுதான் அவளும் அடித்திருக்கிறாள். அவளில் என்ன பிழை.

நான் அந்தத் தளத்தில் இருந்துவிட்டேன். அவனுக்கு அடி, இப்பவே வரச் சொல்லு என்றேன் வதனியிடம். அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதுதான் கராஜ் கூரையில் ஒரு சத்தம். பார்த்தால் ஒரு நீலப் பெட்டைப் புறா. இதொன்று மட்டும் காலமையும் பின்னேரமும் இன்னும் வருகுதாம், மெலே சொன்னாள். பாவம் பார்த்துப் பாண்துண்டு போடுகிறாளாம். அது தளத்தின் மற்றப் பக்கத்தில் இறங்கி நடந்தது. இடது காலை இழுத்து இழுத்து. நொண்டிச்சிதான். பருந்து அடித்த காயத்தோடு, மற்றது எல்லாம் வந்து கனநாளைக்குப் பிறகு, பறக்க ஏலாமல் வாசல் கேற்றால் நடந்து வந்ததே, அதுதான். அன்றைக்கு நீங்கள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்றீர்கள். என்னைப் பரிமாறக்கூட எழும்ப விடவில்லை, சத்தத்துக்குப் பயப்படுமாம்.

சுதன் வேலை உடுப்போடு வந்தான்.

"உனக்குத் தெரியுமோ இதுகள் ஆரின்ரை எண்டு?"

"அம்மா, உள்ளுக்கை போய்க் கதைப்பம். டெனன்ட் நிக்கினம்."

"தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் உடனே இஞ்சை வந்து நிண்டிருப்பியள். கூட்டைக் கட்டு எண்டு நிண்டிருப்பியள். நான் பில்டரோடை எல்லாம் கதைச்சிட்டன். ரெண்டு மூண்டு நாளிலை போயிடும் எண்டு நினைச்சன்."

"போயிட்டுதுகள்தான்" என்றேன். சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வளையங்களை அவிழ்த்து அவன் கையில் கொட்டினேன். எப்படிக் கழற்றினது என்றும் சொன்னேன். அவன் சுட்ட இரும்பு பட்ட மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நின்றான். "அப்பாவுக்கு எண்டுதான் அம்மா செய்தனான்" என்று அழுதான். உண்மைதான். உங்களுக்கென்றுதான் செய்தான். உங்களிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டு அறியாமல் செய்தான்.

உங்களிலும் எனக்குக் கோபம்தான். கேளுங்கோ. கூடு கழுவ வா என்று நான் அவனைக் கூப்பிட்டபோதெல்லாம், "விடும், பெடியன் படிக்கட்டும்" என்றீர்கள். வளையம் போட ஒரு குஞ்சையாவது அவன் கையில் கொடுத்தீர்களோ? விடும், விடும் என்று எல்லோரையும் விட்டீர்கள். பாஸ்கரனை, உங்கள் தங்கச்சியை, இவனை. நீங்கள் விட்டதெல்லாம் இப்போது என் தலையில் வந்து நிற்கிறது.

நான் சுதனிடம் ஒன்றுதான் சொன்னேன். "வீடு இன்னும் என்ரை பேரிலை இருக்கு. இந்தத் தளத்திலை அறை வராது. கூடு வரும். நீதான் கட்டோணும், உன்ரை கையாலை." பில்டர், கவுன்சில் என்று ஏதோ தொடங்கினான். பிறகு நிறுத்திவிட்டான். மெலே பக்கத்தில் நின்று, எங்கள் பாசை ஒன்றும் விளங்காமலே, தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

வளையங்களை அவன் கையிலிருந்து எடுத்து மறுபடியும் தலைப்பில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சனி ஞாயிறு வந்து பலகை அறுக்கிறான். வதனி என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட, நான் கதிரை போட்டு இருந்து பார்க்கிறேன். நொண்டிச்சி கூரையில் இருந்து பார்க்கிறது. மிச்சமெல்லாம் எங்கே என்று தெரியாது. வயலில் இருக்கலாம், புல்லுக்குள் வளையமாகக் கிடக்கலாம். ஒன்றாவது இன்னும் சுற்றிக்கொண்டு திரிந்தால் வந்து அடைய ஒரு இடம் வேண்டும். இப்போது எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இந்தக் கோபத்தை நான் ஆறவிடப் போவதில்லை. நீங்கள் இருந்தால் விடும் என்பீர்கள். நீங்கள் இல்லை. யாராவது ஒருவர் வைத்திருக்கத்தானே வேண்டும், நான் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நாலு பக்கமும் கால் நட்டு முடித்துவிட்டு, சுத்தியலோடு என்னிடம் வந்து நின்றான்.

"அம்மா, கதவு எந்தப் பக்கம் இருந்தது?"

இந்த வளவில் விளையாடி வளர்ந்தவன் கேட்கிறான். கையை நீட்டிக் காட்டினேன். காட்டின பக்கம்தான் வைத்திருக்கிறான்.